கணக்குப்பிள்ளை மகன் படித்த உயிரின் எழுத்து!

கேள்வி: “பிளஸ் டூ முடித்த என் மகள், கல்லூரியில் வேதியியல் படிக்க ஆசைப்படுகிறாள். ‘அது உரக் கம்பெனி வேலைக்குத்தான் ஆகும். விதை, மரபணுன்னு படிச்சாலாவது விவசாயக் குடும்பத்துக்குப் பிரயோஜனம்’ என்கிறார்கள் உறவினர்கள். வேதியியலுக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே கிடையாதா?”

– வாழை விவசாயி, தேனி மாவட்டம்.

பதில்: நிறையவே உண்டு. மரபணுவின் எழுத்தைப் படிக்க வழிசெய்தவர்களில் முக்கியமானவர், வேதியியல் படித்த ஒரு கிராமத்துப் பிள்ளைதான். பெயர் ஹர் கோபிந்த் கொரானா.

1922-ம் ஆண்டு, அன்றைய பஞ்சாபில் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்தப் பகுதி இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளில் இவர்தான் கடைசி. அப்பா ‘பட்வாரி’, அதாவது, நம் ஊரில் கர்ணம், கணக்குப்பிள்ளை என்பார்களே, அந்த வேலை. சுமார் 100 பேர் வாழ்ந்த அந்த ஊரில், எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய இது ஒன்றுதான். வசதி இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் படிப்பை அப்பா விடவில்லை. மரத்தடியில் தொடங்கிய படிப்பு, முல்தான் பள்ளி, லாகூர் பல்கலைக்கழகம் என்று வளர்ந்து, அரசு உதவித்தொகையில் இங்கிலாந்தின் லிவர்பூல் வரை போனது. 1948-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உடனே வேலை கிடைத்ததா? இல்லை. 1949-ல் இந்தியா திரும்பியவருக்குப் பொருத்தமான வேலை அமையவில்லை. மீண்டும் இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிறகு கனடா, அடுத்து அமெரிக்கா. அங்கேதான் அந்தப் பெரிய வேலை நடந்தது.

நெல்லோ, மாடோ, மனிதனோ, உயிருள்ள செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது. நாலே நாலு எழுத்துகளால் ஆன குறிப்பு அது. அதன் நகலைப் படித்துத்தான் செல், 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்கிறது. எந்தச் சொல் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதுதான் புதிராக இருந்தது. 1961-ல் மார்ஷல் நைரன்பர்க் குழு முதல் சொல்லைக் கண்டுபிடித்தது. மற்ற சொற்களைக் கண்டறிய, கொரானாவின் வேதியியல் கைகொடுத்தது. வேண்டிய வரிசையில் எழுத்துகளைக் கோத்துச் சரங்களை உருவாக்கினார் அவர்.

பூ கட்டுவதை நினைத்துப் பாருங்கள். மல்லி, கனகாம்பரம் என்று மாற்றி மாற்றிக் கட்டிய சரத்தை மூன்று மூன்று பூவாக எண்ணினால், முதலில் ‘மல்லி-கனகாம்பரம்-மல்லி’ வரும்; அடுத்து ‘கனகாம்பரம்-மல்லி-கனகாம்பரம்’ வரும். ஆக, இரண்டு சொற்கள். இரண்டிரண்டாக எண்ணினால் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும். கொரானா இப்படி இரண்டே எழுத்துகளால் கோத்த சரத்திலிருந்து, இரண்டு அமினோ அமிலங்கள் மாறி மாறி அமைந்த புரதம் கிடைத்தது. ஒரு சொல்லுக்கு மூன்று எழுத்து என்பது உறுதியானது. மொத்தம் 64 சொற்கள். அதில் 61 அமினோ அமிலங்களுக்கு. மீதி 3 ‘இத்துடன் நிறுத்து’ என்று சொல்பவை.

இதற்காக 1968-ல் நைரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் அவர் குழு செய்த செயற்கை மரபணு, 1976-ல் பாக்டீரியாவுக்குள் வேலை செய்தது. 2011-ல் காலமானார்.

இந்த எழுத்து, பாக்டீரியா முதல் பருத்தி வரை ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் மண்ணில் வாழும் பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திச் செடியும் படித்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தயாரிக்கிறது. அதுதான் பி.டி. பருத்தி. அது தேவையா, இல்லையா என்பது தனி விவாதம்.

உங்கள் வாழைக்கும் இதில் பங்கு உண்டு. திசு வளர்ப்புக் கன்றில் முடிக்கொத்து நோய் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு, டி.என்.ஏ. துண்டுகளை வேதியியல் முறையில் செய்தாக வேண்டும். அந்தத் தொழில்நுட்பத்துக்கு வழி திறந்தவர்களில் கொரானாவும் ஒருவர். இனி கன்று வாங்கும்போது, வைரஸ் பரிசோதனைச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மகளைத் தாராளமாக வேதியியலில் சேர்க்கலாம். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களை எம்.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்துக்கொள்ளும் கல்வி நிறுவனங்கள் உண்டு. தகுதி விவரங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் மறுபடி கேட்டால், இந்தக் கணக்குப்பிள்ளை மகன் கதையைச் சொல்லுங்கள்.