பிடோக் பள்ளத்தின் நீர்மட்டம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக் கூரையில் பிற்பகல் மழை இறங்கிய சற்று நேரத்துக்குள், பஃபலோ சாலைக் கடைவாசல்களில் உதிர்ந்து கிடந்த மல்லிகைக் காம்பையும் வெற்றிலை நறுக்கையும் அள்ளிக்கொண்டு ஓடும் ஜலம், ரோச்சோர் கால்வாயில் விழுந்து, எவருடைய பிரயாசையும் இன்றித் தானே மரினா நீர்த்தேக்கத்தைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தப் பாக்கியம் வாய்க்காத நீர்த்தேக்கம் ஒன்று தீவின் கிழக்கே இருக்கிறது.

பிடோக் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் குவாரி. 1986-ல் முடிவுற்ற சிலேத்தார்–பிடோக் நீர்த் திட்டம், ஒரு பக்கம் சிலேத்தார் ஆற்றின் கழிமுகத்தை அணையிட்டு மறித்தது. மறுபக்கம் தோண்டிக் கைவிட்ட இந்தப் பள்ளத்தை ஏரியாக்கிற்று. ஆற்றுக்கு இயற்கையான வரத்து உண்டு, பள்ளத்துக்கு ஏது? ஆகையால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எழுந்த புதுநகரங்களின் வடிகால்களில் ஓடும் மழைநீரைச் சேகரிப்புக் குளங்களில் மடக்கி, பம்பு வைத்து இறைத்து இங்கே கொண்டுவந்து நிரப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மழை நின்ற மறுகணமே அடுத்த மழைக்காக அந்தக் குளங்களைக் காலி செய்தாக வேண்டும்; இறைக்கும் நீருக்கோ ஏரியில் இடம் இருந்தாக வேண்டும்.

இடம் என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நிறைகுடத்தை மங்களமாகக் கருதிப் பழகிய நம் மனம், ஏரி தளும்பினால் மகிழ்கிறது, இறங்கினால் துணுக்குறுகிறது. சென்ற முறை கரையோரம் நடந்தபோது, கற்களுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குச் செம்மண் பட்டை தெரிவதைக் கண்டு, உடன் வந்த பெரியவர், "என்ன தம்பி, தண்ணி இறங்கிப்போச்சே!" என்று கவலைப்பட்டார். இறங்கியது நல்லதற்காகவும் இருக்கலாம் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தோன்றவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஏரியின் பரப்பு சுமார் 88 ஹெக்டேர். எனவே ஒரு மீட்டர் உயரம் என்பது ஏறக்குறைய 88 கோடி லிட்டர். இதே அளவு நீரைக் கடலிலிருந்து பிரித்தெடுப்பதானால், கன மீட்டருக்கு 3.5 யூனிட் வீதம், 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை கொட்டிவிட்டு, பிப்ரவரியில் அநேகமாக வறண்டுபோகும் இந்தத் தீவில், அக்டோபர் முடிவில் பள்ளத்தை விளிம்புவரை நிரப்பி வைத்திருப்பது, அள்ளிக்கொள்ளக் காத்திருக்கும் மலிவான மழைநீரைக் கடலுக்குத் தாரை வார்ப்பதாகும் என்பது என் அபிப்பிராயம். 2014-ன் தொடக்கத்தில் வறட்சி நீண்டபோது நீர்த்தேக்கங்களில் புதுநீரை, அதாவது சுத்திகரித்து மீட்ட கழிவுநீரை, விட்டு மட்டத்தைக் காத்தார்கள்; அந்த உபாயம் கைவசம் இருப்பதனாலேயே, மழைக்கு முன்பு சற்றுத் துணிந்து இறக்கி வைக்கலாம்.

ஆனால் இறக்குவதிலும் நிதானம் வேண்டும். மணலும் களியுமான கரையின் உள்ளே ஊறிய நீர், வெளியே மட்டம் தாழும் வேகத்துக்கு வடியாது. எதிரே தாங்கி நின்ற ஏரி நீரின் பாரமும் விலகிவிட்டால் கரை சரியும். ஆகவே இது வாரக்கணக்கில் செய்யவேண்டிய காரியமேயன்றி ஓரிரவில் முடிப்பதல்ல. அளவுக்கு மீறி இறக்கினாலோ வேறொரு தொல்லை: இத்தகைய ஆழமான பள்ளங்களின் அடிநீர் பிராணவாயு குன்றி இரும்பையும் மாங்கனீஸையும் கரைத்து வைத்திருப்பதுண்டு; மேல்நீர் மெலிய மெலிய, அந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாயை நெருங்கும்.

ஏரி நிரம்பி வழிவது, வற்றிப்போவது என்ற இரு முனைகளையும் சென்னை பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் 1 அன்று, நிரம்பிக் கிடந்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது, நகரம் மூழ்கிற்று. இரண்டே ஆண்டுகளில், 2017-ன் பஞ்சத்தில், அதே நகரம் மாங்காட்டுக்குச் சமீபத்திலுள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரை இறைத்துச் சுத்திகரித்துக் குடித்தது. 2019-லும் அந்தக் குட்டைகளையே நாடிற்று. அங்கே குவாரி கடைசிப் புகலிடம். இங்கே அன்றாடக் களஞ்சியம். ஆயினும் சென்னைவாசிக்கு ஒரு சௌகரியம் உண்டு: பூண்டி, புழல் ஏரிகளில் எத்தனை அடி நீர் என்பதை அவர் காலைப் பத்திரிகையிலேயே படித்துவிடுகிறார். பிடோக் கரையிலும் அப்படி ஒரு பலகை வைத்து, இன்றைய மட்டம், இந்த மாதத்துக்குத் திட்டமிட்ட மட்டம், அதன் காரணம் ஆகியவற்றை நான்கு மொழிகளிலும் எழுதிவிட்டால், செம்மண் பட்டையைக் கண்டு பெரியவர் பதற்றப்படமாட்டார். நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் அக்டோபரில் மட்டத்தை இறக்கத் துணிவு வரும்.