செரிப் பீப்பாயும் துவர்ப்பும்

சுள்ளிக்கல்லில் வாழும் தமிழர் ஒருவர், உறவினர் கொணர்ந்த அமெரிக்க சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓக் பீப்பாயில் முதிர்ந்து, இறுதிக் காலத்தைச் செரி மது ஊறிய பீப்பாயில் கழித்த சரக்கு அது. ஒரு மிடறு பருகியபின் அதன் சுவையைத் தமிழில் எழுத முனைந்தால் அவர் கைக்கு முதலில் அகப்படுபவை ஆங்கிலச் சுவைக்குறிப்புகளின் மொழிபெயர்ப்புகளே: உலர்ந்த அத்தி, கிறிஸ்துமஸ் கேக், பழைய தோல். இவற்றுள் கேக் மட்டும் கொச்சிக்காரருக்கு அந்நியமன்று. டிசம்பரில் ரம்மில் ஊறிய உலர்பழ மணம் அவ்வூர்த் தெருக்களுக்குப் பழக்கமானது. அதே குறிப்பை மதுரையில் படிப்பவருக்கு அது வெறும் ஒலி.

செரி என்ற சொல்லின் வரலாறே ஒரு பிழையில் தொடங்குகிறது. ஸ்பெயினின் ஹெரேஸ் நகரப் பெயர் ஆங்கிலத்தில் 'ஷெர்ரிஸ்' ஆயிற்று. இறுதி ஒலியைப் பன்மை விகுதி என மயங்கிய ஆங்கிலேயர் அதை வெட்டி 'ஷெர்ரி' ஆக்கினர். பீப்பாய்க்கும் பொருள் திரிந்துவிட்டது. முன்பு செரியை ஏற்றிச் சென்று காலியானது செரிப் பீப்பாய். இன்று அவற்றுள் பெரும்பாலானவை விஸ்கிக்காகவே செய்யப்பட்டுச் சில காலம் செரி ஊற்றிப் பதப்படுத்தப்படுபவை. மரமும் பலவேளை அமெரிக்க ஓக்கே. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, 'அமெரிக்கன் சிங்கிள் மால்ட்' என்ற பெயருக்கு முழுக்க மால்ட் பார்லி, ஒரே வடிசாலை, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய் என வரையறை தந்தது. ஒரு பெயர் எதைக் குறிக்கலாம் என்பதை அரசிதழில் எழுதிவைக்கும் அளவுக்கு அங்கே சொல்லின்மீது அக்கறை இருக்கிறது. (பீப்பாய் என்பதும் நம் சொல்லன்று, போர்த்துகீசிய 'பீப்பா'. அதைப் பேசியவர்கள் 1500இல் கொச்சியில் வந்திறங்கினார்கள்.)

தமிழ்ப் பேச்சுவழக்கில் மதுவுக்கான சொற்கள் பெரும்பாலும் விளைவைக் குறிப்பவை. சுவையைக் குறிப்பவை அல்ல. ஏறுகிறது, தூக்குகிறது, கிக் இருக்கிறது. 'சரக்கு' என்ற சொல்லோ எதையும் விவரிப்பதில்லை. மட்டாஞ்சேரிக் கடைகளில் 'மலஞ்சரக்கு' என்றால் மிளகும் ஏலமும் சுக்கும். தரம் பிரித்து, மணம் பார்த்து, விலை சொல்லப்படும் பொருள். தமிழ்நாட்டில் அதே சொல் முகமற்ற புட்டியாகிவிட்டது. இந்தியாவில் மலிவாக விற்கும் விஸ்கியில் பெரும்பகுதி கரும்புக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால், விவரிக்க அதில் அதிகம் இல்லை என்பதும் உண்மை.

பழந்தமிழ் இப்படி வறண்டிருக்கவில்லை. தெளிந்த மதுவுக்குத் 'தேறல்' என்று தனிச்சொல் இருந்தது. திருமுருகாற்றுப்படை மூங்கிற்குழாயில் நெடுநாள் இருந்து பக்குவப்பட்ட தேறலைச் சொல்கிறது. அங்கே வரும் வினை 'விளைதல்'. மது முதுமையடைவதில்லை, பயிர்போல் விளைகிறது. கலம் வெறும் கொள்கலமாக இல்லாமல் நிலமாகிறது. செரிப் பீப்பாயின் வேலையைச் சொல்ல இதனினும் பொருத்தமான வினை வேறு மொழியில் இருக்குமா என்பது ஐயமே. புறநானூற்றின் 56ஆம் பாட்டு யவனர் கலத்தில் வந்த மணமுள்ள தேறலைக் குறிக்கிறது. கொச்சிக்கு வடக்கே பட்டணம் அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்துள்ளன. ஆனால் வகுப்பறையில் தேறல் ஓர் அருஞ்சொற்பொருளோடு முடிந்துவிடுகிறது.

இன்னொரு செல்வமும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. செரிப் பீப்பாயின் மரம் நாவில் விட்டுச்செல்லும் இறுக்கத்தை ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் சுவையாகக் கணக்கிடாமல் 'வாயுணர்வு' என்ற பட்டியலில் தள்ளுகின்றன. தமிழின் அறுசுவையில் துவர்ப்பு முழு உரிமையுள்ள ஒரு சுவை. கடுக்காய், நாவற்பழம், கொட்டைப்பாக்கு, வாழைப்பூ ஆகியவற்றின் துவர்ப்புகளை வேறுபடுத்தி அறியும் நாக்கு, அந்த விஸ்கியின் கடைசி மிடறைப் பற்றி ஆங்கிலேயனைவிடத் துல்லியமாக எழுத முடியும். எழுதத் துணிவதில்லை, அவ்வளவே.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்படிப்பட்ட மாநிலத்தை நோக்கி மதுச்சுவை பேசுவது மேட்டுக்குடி விளையாட்டு என்ற மறுப்பு எழும். அது புறந்தள்ளத்தக்க மறுப்பன்று. மெத்தனாலை நாக்கு கண்டுகொள்ளாது. சுவைச்சொல் உயிர் காக்கும் என்று வாதிடுவது மோசடி. ஆனால் மதுவைப் பற்றிய கூச்சத்தால் சொற்களையும் சேர்த்துப் புதைப்பது வேறொரு இழப்பு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லைக்கு அப்பால், கொச்சியின் கள்ளுக்கடைகளில் 'இளங்கள்' வேறு, 'மூத்த கள்' வேறு, கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் தடைக்கு முன் பனையேறிய கைகளுக்கு இப்போது அறுபது வயதைத் தாண்டியிருக்கும். அவர்கள் புளிப்பையும் நுரையையும் பக்குவத்தையும் என்னென்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதை, மொழியியல் துறைகளின் களப்பணி மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று கேட்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.