பல லட்ச ரூபா காத்தும் ஒரு துண்டுத் துணியும்

மூட்டு மாற்று ஆபரேஷன் விளம்பரங்கள்ல அடிக்கடி கண்ணுல படுற வார்த்தை: லேமினார் ஃப்ளோ தியேட்டர். அதாவது வடிகட்டின காத்தை மேலேர்ந்து சீரா இறக்குற ஏற்பாடு. நம்ம மக்களும் 'அப்ப இன்ஃபெக்‌ஷன் பயமே இல்லை'ன்னு நம்பிடறாங்க. இந்த நம்பிக்கை மேலதான் எனக்குக் கடுப்பு.

இதுல ஏன் இவ்ளோ பயம்? செயற்கை மூட்டுங்கறது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதுக்குள்ள ரத்த ஓட்டம் கிடையாது. கொஞ்சூண்டு கிருமி ஒட்டினாலும் மேல ஒரு படலம் கட்டிக்கிட்டு உக்காந்துடும். ஆன்டிபயாடிக் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. பல சமயம் மூட்டையே கழட்டி வேற போடணும்.

சுத்தக் காத்து யோசனை சும்மா வந்ததில்லைங்க. 1960-களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி முன்னெடுத்தது. 1982-ல் லிட்வெல் குழு 8000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வச்சு வெளியிட்ட ஆய்வில், சாதா தியேட்டரில் ஆழமான தொற்று 1.5%, சுத்தக் காத்தில் 0.6%. மறுக்கலை. ஆனா பின்னாடி வந்த பெரிய பதிவேட்டு ஆய்வுகளில் அந்த லாபம் தெளிவாத் தெரியலை. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் தொற்றைக் குறைக்கணும்ங்கறதுக்காக மூட்டு மாற்றுக்கு லேமினார் ஃப்ளோ வேண்டாம்னே பரிந்துரைச்சது (ஆதாரம் பலமில்லைன்னும் அவங்களே சொல்லிட்டாங்க).

இப்ப துணிக்கு வருவோம். 2008-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 45 கருவித் தட்டுகளைத் தியேட்டரில் திறந்து வச்சாங்க. மூடாத தட்டுகளில் 30 நிமிஷத்தில் 4%, 1 மணி நேரத்தில் 15%, 4 மணி நேரத்தில் 30% கெட்டுப் போச்சு. பூட்டின ரூமுக்கும் ஆள் வந்து போன ரூமுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டெரைல் துண்டால மூடின தட்டுகள்? பூஜ்யம்!

'தட்டுல கிருமி இருந்தா முட்டியில இன்ஃபெக்‌ஷன்னு அர்த்தமா?'ன்னு கேப்பீங்க. நியாயம். அந்த ஆய்வு அதை நிரூபிக்கலை. துணியை அலட்சியமா இழுத்தா, மேஜைக்குக் கீழ தொங்குன விளிம்பு கருவி மேலயே உரசிட்டுப் போகும்ங்கறதும் நிஜம். அதுக்குத்தான் ரெண்டு துணி போட்டு, மடிப்பைப் பிடிச்சு விலக்குற முறை இருக்கு. செலவு? துணிதான்.

இதே மாதிரி இன்னும் சிலது இருக்கு. நோயாளி தயாரானப்புறம் தட்டைத் திறக்கிறது, அளவு முடிவானப்புறம் இம்ப்ளான்ட் பாக்கெட்டைப் பிரிக்கிறது, ரத்தத்தோட தியேட்டர் காத்தையும் சேத்து உறிஞ்சுற சக்‌ஷன் முனையை நடுவுல மாத்துறது. எதுவுமே பில்லில் வராது. அதனாலதான் விளம்பரத்திலும் வராது.

எங்க ஃபீல்டுலயும் இந்த வியாதி உண்டு. காஸ்ட்லி சர்வர் வாங்கியாச்சு, பேக்கப் சரியா இருக்கான்னு பாக்க ஆள் எதுக்குன்னு கேக்குற மேனேஜர் மாதிரி. அங்க போறது டேட்டா. இங்க போறது ஒருத்தரோட கால்.

அதனால அப்பா அம்மாவை முட்டி ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப என்ன மிஷின்னு மட்டும் கேக்காதீங்க. "கருவித் தட்டை எப்ப திறப்பீங்க, காத்திருக்கிற நேரம் மூடி வைப்பீங்களா டாக்டர்?"னு கேளுங்க. நல்ல டாக்டர் கோச்சுக்க மாட்டார். கோச்சுக்கிட்டார்னா, அதுவும் ஒரு தகவல்தானே!