சத்தம் போனதற்கு யார் காரணம்?

"லினக்ஸை அப்கிரேட் பண்ணினால் சத்தம் போய்விடும், கல்முனைக் கடைகளுக்கு அது சரிவராது" என்கிறார் நண்பர். சத்தம் போனது உண்மைதான். அதிலிருந்து அவர் எட்டிய முடிவுதான் பிழை.

உபுண்டு 22.04இல் ஒலியைக் கவனித்தது பல்ஸ்ஓடியோ. 24.04இல் அந்த இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. பழைய மென்பொருள்கள் தடுமாறாமலிருக்க நடுவில் ஓர் இணைப்பும் உண்டு. ஆனால், டீபோல்ட்.பிஏ என்ற பழைய அமைப்புக் கோப்பை அது வாசிக்காது. சாய்ந்தமருதில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒருவர், இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் சத்தம் போக அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதியிருந்தால், வரி அப்படியே கிடக்கும்; வேலை நடக்காது. எச்சரிக்கையும் வராது. இதைக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மற்றபடி, பலருக்கு சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட் எச்டிஎம்ஐக்கு மாறியிருக்கும். இல்லாவிட்டால் அல்சாமிக்சர் என்ற ஒலியளவுக் கருவியில் 'எம்எம்' என்று மியூட்டாகிக் கிடக்கும். மெக்கானிக்கே தேவையில்லை.

விண்டோஸில் இந்தத் தலையிடி இல்லையாம்! 2007இல் விஸ்டா வந்து, விண்டோஸின் ஒலி இடைமுகமான டைரக்ட்சவுண்டின் வன்பொருள் முடுக்கத்தையே எடுத்துவிட்டது. சவுண்ட் பிளாஸ்டர் கார்ட்டுக்காரர்களுக்காக கிரியேட்டிவ் நிறுவனம் ஆல்கெமி என்று தனி மென்பொருளே விட வேண்டிவந்தது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. கடைகளிலுள்ள ஆறாம் தலைமுறை ஐ5 மெஷின்கள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு நண்பர் சொல்லும் மாற்று என்ன, கிராக் கொப்பியா? அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.