வாங்கும் முன் ஒரு கேள்வி

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் வராதவர்கள் நம்மில் குறைவு. பொங்கல் காசு, பிறந்த நாள் காசு எல்லாம் அங்கே பிளாஸ்டிக் பையில் நீந்தும் கப்பிகளாக மாறிவிடுகின்றன. நாங்கள் அதற்கு எதிரிகள் அல்லர். அக்காள் தங்கையர் எங்கள் இருவருக்கும் வீட்டில் ஒரு தொட்டி உண்டு. ஆனால் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பெருகினால் என்ன செய்வது?

கப்பி முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய மாதம் ஒரு முறை, 20, 30 குஞ்சுகள். தாயே தின்றுவிடும் என்பதால் பாசியை நிறையப் போட்டுக் காப்பாற்றினோம். சண்டை மீனின் கதை வேறு. ஆண் மீன்தான் நுரையால் கூடு கட்டி, முட்டைகளை வாயால் எடுத்து அதில் வைத்துக் காவல் காக்கும். இதை அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அம்மா சிரித்தார்.

நான்கு கப்பிகள் ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாமல் போயின. தண்ணீர் கெட்டு, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றன. “ஏரியில் விடுங்களம்மா, புண்ணியம்” என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. விட்டோம். பாசி தின்ன வாங்கிய சக்கர் மீனையும் சேர்த்தே விட்டோம். விரல் நீளம் வாங்கியது, ஒரு சாண் வளர்ந்திருந்தது.

பிறகுதான் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டோம். சக்கர் தென் அமெரிக்க மீன். ஒன்றரை அடி வரை வளரும். உடம்பெல்லாம் கவசம், துடுப்பில் முள். கரையைக் குடைந்து வளை செய்து முட்டையிடும். வலையைக் கிழிக்கும், விலை போகாது. சென்ற மாதம் அதே ஏரிக்கரையில், ஒருவர் வலையிலிருந்து பிடுங்கி எறிந்த கறுப்பு மீன்கள் கிடந்தன. நாங்கள் வாய் திறக்கவில்லை.

கப்பி கொசுப்புழுவைத் தின்னுமே, விட்டால் நல்லதுதானே என்பீர்கள். தின்னும், நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்னும். கொசுப்புழு தின்னும் சிறு மீன்கள் நம் குளங்களிலேயே உண்டு.

ஆகவே ஆண் கப்பிகளை மட்டும் வாங்குங்கள். வண்ண வாலே அடையாளம். மிஞ்சியவற்றைக் கடையிலே திருப்பிக் கொடுக்கலாம். காசு தரமாட்டார்கள், ஆனால் வாங்கிக்கொள்வார்கள். சக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். தொட்டியை நாமே துடைத்தால் கை தேய்ந்துவிடாது.

எங்களிடம் இன்னும் 12 குஞ்சுகள் மீதி. தொட்டி வைத்திருக்கும் தோழியர், மூடியுள்ள பாத்திரத்துடன் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு வரவும்.