விலை கேட்காத மாலைப்பொழுது

கொழும்பில் இன்பமாகப் பொழுதைக் கழிக்கப் பெரும்பணம் வேண்டும் என்பது தவறான எண்ணம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் புகையிரதத்தில் ஏறினால், சிறுதொகைக்குக் கடலும் உடன்வரும். விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலுக்குக் கட்டணமில்லை. இவற்றிலும் மேலானது காலிமுகத்திடல். ஒரு பட்டமும் சில இறால் வடைகளும் இருந்தால் ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுது நிறைந்துவிடும்.

1859 இல் இங்கு நடைபாதையை அமைத்து முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட், கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலன்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்துவைத்தார். இன்று திடலருகே நட்சத்திர விடுதிகள் உயர்ந்துள்ளன. வடபுறத்தில் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுகிறது. எதையும் வாங்க இயலாதவனுக்கும் அமர இடம் தராத நகரம், தன் குடிகளிற் பாதியைக் கைவிட்ட நகரமாகும். எஞ்சியுள்ள இம்முற்றத்தையாவது விலைபேசாது விடுவது ஆட்சியாளரின் கடமை.