கதவு தானாகப் பூட்டிக்கொண்டால்...

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார் ஒரு தம்பி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்து மளிகைக் கடை வாசலில் தன் பழைய காடியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். சாவி காடியிலேயே தொங்கியது. பின் இருக்கையில் மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ரொட்டி வாங்கும் நேரம்தானே என்று கதவைச் சாத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

நல்ல வேளை, மாற்றுச் சாவி லயத்து வீட்டில் இருந்தது. கடைக்காரர் மகன் மோட்டார் சைக்கிளில் பறந்து போய் எடுத்து வந்தான். எல்லாம் சேர்த்து ஆறேழு நிமிடம் இருக்கும். கதவைத் திறந்தபோது பிள்ளை வியர்வையில் நனைந்து, அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தாள்.

மறுநாள் டவுன் பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறார். நான்கு லாக் மோட்டாரையும் மாற்ற வேண்டும் என்றார்களாம். “மாத்தித்தான் ஆகணுமா அண்ணே?” என்று எனக்குப் போன் செய்தார்.

வேண்டாம் தம்பி என்றேன். மோட்டார் கெட்டால் கதவு பூட்டாது, இல்லையென்றால் திறக்காது. யாரும் சொல்லாமலே பூட்டுகிறது என்றால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்குத் தப்பான உத்தரவு போகிறது என்று அர்த்தம். அதுவும் நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டியிருக்கிறது. நான்கு மோட்டாரும் ஒரே நொடியில் கெடுமா?

புரோட்டோன் வீரா 1993-இலும் பெரோடுவா கஞ்சில் 1994-இலும் வந்தவை. தோட்டங்களில் இன்னும் ஓடும் இந்தக் காலத்துக் காடிகள் பலவற்றில் வாங்கும்போது சென்ட்ரல் லாக் இருந்திருக்காது. பிறகு கடையில் கொடுத்துப் போட்டதுதான். அப்படிப் போடும் கிட்டில் ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்ற மூன்று கதவுகளுக்கும் இரண்டிரண்டு வயர். அந்த இரண்டு வயர் மோட்டாரை ஓட்டுவதற்கு. பூட்டும்போது ஒன்றில் போகும் மின்சாரம், திறக்கும்போது மற்றொன்றில் போகும். ஓட்டுநர் கதவில் கூடுதலாக உள்ள மூன்றும் சுவிட்சுக்கு உரியவை: ஒன்று ‘பூட்டு’, ஒன்று ‘திற’, ஒன்று எர்த். பூட்டு வயர் எர்த்தைத் தொட்டால் போதும், கண்ட்ரோல் பெட்டி எல்லாக் கதவையும் பூட்டிவிடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் இந்தப் பெட்டிக்கு மின்சாரம் நிற்பதில்லை.

இந்த வயர்கள் எல்லாம் கதவு கீல் பக்கம் உள்ள ரப்பர் குழாய் வழியாகப் போகின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. அதிகம் திறந்து மூடுவது எந்தக் கதவு? ஓட்டுநர் கதவுதான். இருபது வருடத்தில் வயரின் மேலுறை வெடித்து உள்ளே செம்பு தெரியும். கதவை மூடும் நேரத்தில் அந்தச் செம்பு தகரத்தில் பட்டால், அதுவே பூட்டும் உத்தரவு.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடியை இறக்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு (இதை மறக்காதீர்கள்), ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்து அந்த ரப்பர் குழாயைக் கையால் மெல்ல வளைத்துப் பாருங்கள். ‘டக்’ கேட்டால் நோய் அங்கேதான். சத்தம் வராவிட்டாலும் குழாயை ஒரு முனையில் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி, வயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பச்சை பூத்த செம்பு, இழுத்தால் நீளும் வயர், யாரோ முன்பு முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டிய இடம், மூன்றுமே சந்தேகத்துக்கு உரியவை. டேப் நம் வெயிலில் பசை இளகி, ஒரு வருடத்தில் தானாகப் பிரிந்துவிடும்.

பழுதுபார்ப்பதற்கு முன் சென்ட்ரல் லாக் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். பிறகு போட்ட கிட் என்றால் காடியின் ஃபியூஸ் பெட்டியில் தேடிப் பயனில்லை; கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும் வயரின் நடுவில் சின்னக் குப்பி மாதிரி அது தொங்கும். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, பல இழை கொண்ட மெல்லிய வயரைச் சேர்க்க வேண்டும். ஒட்டு இரண்டும் மடங்கும் இடத்தில் வரக்கூடாது. ஒன்று கதவுக்குள், இன்னொன்று காடிக்குள். ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். ரப்பர் குழாய் கிழிந்திருந்தால் ஹாஃப்கட் கடையில் ஒன்று தேடி வாங்கிப் போடுங்கள்.

ஒரே ஒரு கதவு மட்டும் மக்கர் செய்தால் கதை வேறு. காதை வைத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் இருந்து குமிழ் அசையாவிட்டால் உள்ளே கம்பி கழன்றிருக்கும் அல்லது பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும். பாதி தூரம் போய் நின்றால், பெரும்பாலும் செம்மண் தூசி பிடித்துப் பூட்டு இறுகிவிட்டது. ஸ்பிரே அடித்துக் கழுவி, வெள்ளைக் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். எஞ்சின் எண்ணெய் ஊற்றினால் இன்னும் தூசி சேரும். சத்தமே இல்லையென்றால் அந்தக் கதவின் கீல் வயர், அதன் பிறகுதான் மோட்டார். பின் கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையா? கதவின் ஓரத்தில் குழந்தைப் பூட்டு நெம்பு கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்கே கூலி கொடுத்தவர்கள் உண்டு.

கோளாறு தீரும்வரை ஃபியூஸ் கழன்றபடியே இருக்கட்டும். கதவுகளைக் கையால் பூட்டலாம், சாவியால் திறக்கலாம். வெயிலில் மூடிக் கிடக்கும் காடிக்குள் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி கூடிவிடும்; சிறுபிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட வெகு சீக்கிரம் சூடேறும். பிள்ளை உள்ளே மாட்டிக்கொண்டு சாவியும் கைவசம் இல்லையென்றால் உடனே 999-க்கு அழைத்து போம்பாவைக் கூப்பிடுங்கள். தோட்டத்துக்கு அவர்கள் வந்து சேர நேரம் ஆகும். பிள்ளை சோர்ந்து தெரிந்தால் காத்திருக்காதீர்கள். பிள்ளைக்குத் தூரமான பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் இரும்பால் அடியுங்கள். கண்ணாடி போனால் போகட்டும்.

அந்தத் தம்பி மறுவாரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். வெள்ளை வயர் ஒன்று, தோல் உரிந்து பச்சை பூத்திருந்தது. அரை முழ வயரும் ஒரு மணி நேரமும்தான் செலவாம். மோட்டார் நான்கும் பழையதுதான். மாற்றுச் சாவி ஒன்றை அந்த மளிகைக் கடையிலேயே கொடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்த வாரம்: இறங்கிய கண்ணாடி ஏற மறுத்தால்.